பொது நம்பர்

முதல்ல எந்த மேசையில மணி அடிக்கணும்னு கேட்டீங்கள்ல தம்பி. நீங்க சாதாரணமாத்தான் கேட்டீங்க. உங்க வேலைக்கு அது தெரியணும், நான் இல்லேங்கல. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அந்தத் திருப்புளியைக் கீழ வச்சுட்டு ஒரு நிமிஷம் உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். இந்தச் சுவத்துல தொங்குற பழைய பெட்டியைக் கழட்டுறதுக்கு முன்னாடி, அது இந்த மண்டியில என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சுக்கங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க, யாருக்கு முதல்ல அடிக்கணும்னு.

இந்த முதலாளிங்களோட அப்பா காலத்துல இதெல்லாம் ஏது. ஒரே ஒரு கறுப்பு போன், கல்லாவுக்குப் பக்கத்துல. மணி அடிச்சா அவரே எடுப்பாரு. "சொல்லுங்க"ம்பாரு, அம்புட்டுத்தான், வணக்கம் கிணக்கம் எல்லாம் கிடையாது. அவர் இல்லேன்னா யாரு பக்கத்துல நிக்கிறாங்களோ அவங்க எடுப்பாங்க. மிளகா வத்தல் மூடை தூக்குறவர்கூட எடுத்து, முதலாளி குளிக்கப் போயிருக்காருன்னு சொல்லியிருக்காரு. யாரும் ஒண்ணும் நினைச்சுக்கல. அந்த நம்பர்தான் இப்பவும் இருக்கு. மதுரையில இருந்து கொச்சி வரைக்கும் வத்தல், மல்லி வாங்குறவங்களுக்கு அந்த நம்பர் மனப்பாடம்.

அவர் போய்ச் சேர்ந்தாரு. மகன்மாரு மூணு பேரு. பெரியவர் தனுஷ்கோடி, நடுவுலவர் சௌந்திரராஜன், சின்னவர் ஜெயமுருகன். மூணு பேருக்கும் மூணு ரூம், கண்ணாடி போட்டு. நீங்களே பாக்குறீங்கள்ல. ரூம் வந்துருச்சுன்னா போன் வரணும். சின்னவர்தான் இந்தப் பெட்டியை வாங்கிட்டு வந்தாரு. மாட்ட வந்த ஆளு எனக்குத்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தாரு. நான் பி.காம், சொன்னா புரிஞ்சுக்குவேன். என் மேசை போன்தான் மாஸ்டர் போன். அதுல ஸ்டார், ஹேஷ்னு அழுத்தினா எந்த ரூமுக்கு எத்தனை மணி, எந்த ரூம்ல வெளியூர் பேச முடியாம பூட்டு, எல்லாத்தையும் மாத்தலாம். இந்த ஆபீஸ்ல என்னைத் தவிர வேற யாருக்கும் அது தெரியாது, இன்னைக்கு வரைக்கும்.

அந்த ஆளும் நீங்க கேட்டதைத்தான் கேட்டாரு. முதல்ல எங்க அடிக்கணும்? நான் யோசிக்கவே இல்ல. பெரியவருக்குன்னேன். வயசுல மூத்தவரு. குலசாமி கோயில்ல முதல் பரிவட்டம் அவருக்குத்தான் கட்டுறாங்க. மணியும் அவருக்கு முதல்ல அடிக்கட்டும். அவர் எடுக்கலேன்னா, அஞ்சு தடவை மணி அடிச்சப்புறம் நடுவுலவருக்கு. அங்கயும் எடுக்கலேன்னா சின்னவருக்கு. கடைசியா எனக்கு. நான் நாலாவது. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அப்பவே இருபது வருஷ சர்வீஸ். அப்படிப்பட்ட ஆளை நாலாவதா வைக்கலாமான்னு வேற யாராவதா இருந்தா கேட்டிருப்பாங்க. நான் கேக்கல.

முதல்ல வாயைத் திறந்தது சின்னவர். கோயில்ல பரிவட்டம் அண்ணனுக்குக் கட்டட்டும், யாரு வேண்டாம்னா? ஆனா கொச்சிப் பார்ட்டியைக் கொண்டு வந்தது நான். அவன் போன் போட்டா அண்ணன் ரூம்ல அடிக்குது, அண்ணன் பேங்குக்குப் போயிருக்காரு, அப்புறம் நடு அண்ணன் ரூம்ல அடிக்குது, அவர் பேப்பர் படிக்கிறாரு, என்கிட்ட வர்றதுக்குள்ள அவன் அடுத்த மண்டிக்குப் போட்டுர்றான்னாரு. நியாயமாத்தான் இருந்துச்சு. நடுவுலவர் ஒண்ணும் சொல்லல. அவர் எதுவும் சொல்ல மாட்டாரு, மனசுல வச்சுக்குவாரு. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில யாரோ ஒரு அம்மா அவர் சம்சாரத்துக்கிட்ட, உங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல ரெண்டாவதாத்தான் மணி அடிக்குமாமேன்னு கேட்டுப்புட்டாங்க. அந்தம்மா பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்துட்டாங்களாம். மறுநாள் நடுவுலவர் என்னைக் கூப்பிட்டு, கடை போர்டுல என் பேரு நடுவுல இருந்தாலும் இருக்கட்டும், அந்த மணியை மட்டும் கொஞ்சம் பாருங்கன்னாரு. என்னத்தைப் பாக்குறது?

மத்தளத்துக்கு ரெண்டு பக்கம் இடி. எனக்கு மூணு பக்கம்.

சரின்னு, திருவிழாவுக்கு மண்டகப்படி முறை வைக்கிற மாதிரி வாரத்துக்கு ஒருத்தர்னு வச்சேன். திங்கக்கிழமை காலையில வந்ததும் ஸ்டாரை அழுத்தி ஆளை மாத்துவேன். அது கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்புறம் வத்தல் வரத்து ஆரம்பிச்சது. மாசி, பங்குனி ரெண்டு மாசமும் இந்தத் தெருவுல கால் வைக்க முடியாது தம்பி, தும்மிக்கிட்டேதான் யாவாரம். வரத்து ஆரம்பிக்கிற முதல் வாரம் யார் முறைன்னு ஒரு சண்டை. சின்னவர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, முறை அண்ணன்து இருக்கட்டும், அவருக்கு அஞ்சு மணி அடிக்கிறதை ஒரு மணியாக் குறைச்சு விட்டுருங்கன்னாரு. செஞ்சேன். சம்பளம் குடுக்கிறவர் சொன்னா செய்ய வேண்டாமா? பெரியவர் லேசுப்பட்டவரா? டிரைவரைத் தன் ரூம்ல உக்கார வச்சுட்டு, எதிர்த்த டீக்கடைக் காசு போன்ல இருந்து இந்த நம்பருக்குப் போட்டுப் பாத்துட்டாரு. மணி இவர் ரூம்ல ஒரு தடவை முனகிட்டு அடுத்த ரூமுக்குத் தாவிருச்சுன்னு டிரைவர் சொல்லிட்டான். யாரைக் கேட்டு மாத்துனீங்கன்னு என்னைக் கேட்டாரு. கரண்டு போய் வந்தா மிஷின் மறந்துரும் முதலாளின்னேன். பொய் இல்ல, சில மிஷின் அப்படித்தான். அன்னைக்கு அண்ணன் தம்பி மூணு பேரும் கண்ணாடிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நின்னு பேசுன பேச்சை நான் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். செத்துப்போன அவங்க அப்பாவை எல்லாம் இழுத்தாங்க. எனக்கு வேலையை விட்டுட்டுப் போயிரலாம்னு வந்துச்சு. எங்க போறது?

அன்னைக்குத்தான் நான் ஒரு காரியம் பண்ணினேன். அந்தப் பெட்டியில ஒரு வசதி இருக்கு, வெளிய இருந்து போன் வந்தா எல்லா ரூம்லயும் ஒரே நேரத்துல மணி அடிக்கும். யாரு முதல்ல எடுக்கிறாங்களோ அவங்களுக்குப் பேச்சு. அதைப் போட்டு விட்டேன். யாருக்கும் முதல் இல்ல, யாருக்கும் கடைசி இல்ல. எனக்கும்தான், என் மேசையிலயும் கூடவே அடிக்கும். மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க. பெரியவர்கூட, வேலாயுதம் மூளைக்காரன்யான்னாரு. அந்த ஒரு வார்த்தை போதும்னு இருந்துச்சு. இன்னைக்கும் சொல்றேன், அந்த யோசனையில தப்பே கிடையாது.

டீ வந்துருச்சு. அண்ணே, என்ன அவருக்கு முதல்ல நீட்டுறீங்க? இல்ல, குடுங்க குடுங்க, அவர் விருந்தாளி. நீங்க எடுத்துக்கங்க தம்பி. நான் எதுக்குச் சொன்னேன்னா, இந்த ஆபீஸ்ல ஒரு முறை இருக்கு, அதான்.

எங்க விட்டேன்? ஆங், எல்லா மேசையிலயும் மணி. முதல் ரெண்டு நாள் திருவிழா மாதிரி இருந்துச்சு. மணி அடிக்கிறதுக்குள்ள மூணு பேரும் பாஞ்சு எடுப்பாங்க. மூணாவது நாள் பெரியவர் எடுத்தாரு, கொச்சிப் பார்ட்டி. சின்னவரைக் குடுங்கன்னான். இவர் பட்டனை அழுத்திச் சின்னவருக்கு மாத்தி விட்டாரு. கொஞ்ச நேரத்துல திரும்பவும் அதே மாதிரி, இந்தத் தடவை நடுவுலவருக்கு. போனை வச்சுட்டு வெளிய வந்து நின்னாரு. "நான் என்ன இவனுகளுக்குப் போன் எடுத்துக் குடுக்கிற ஆளாய்யா?" அம்புட்டுத்தான் சொன்னாரு. அதுக்கப்புறம் அவர் எடுக்கல. அவர் எடுக்காத போனை நான் ஏன் எடுக்கணும்னு நடுவுலவர். ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்க நான் மட்டும் ஆபரேட்டர் வேலை பாக்கவான்னு சின்னவர். முதல் மணிக்கு அடிச்சுக்கிட்ட ஆளுங்க. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சும்மாவா சொன்னாங்க.

உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது, நீங்க எடுத்திருக்கலாமேன்னு நினைக்கிறீங்க. எடுத்திருக்கலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. மூணு முதலாளி உக்காந்திருக்காங்க, மூணு பேரு மேசையிலயும் மணி அடிக்குது. அவங்களுக்கு முந்திக்கிட்டு நான் எடுத்தா அது மரியாதையா? அதுவுமில்லாம நான் மேனேஜர். ஒரு நாள் எடுத்தா அது என் வேலைன்னு ஆயிரும். அப்புறம் அதுல இருந்து மீளவே முடியாது.

இவங்களுக்கு ஒரு தங்கச்சி உண்டு. தங்கபுஷ்பம். அருப்புக்கோட்டையில குடுத்திருக்கு. நல்ல பொண்ணு, சின்னதுல இங்க வத்தல் மூடை மேல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும். அந்தம்மாவுக்கு மகன் பொறந்தப்போ பெரியவர் வீட்டுக்கு முதல்ல போன் போட்டுச் சொல்லிட்டாங்க. ஒரே தெரு, ரெண்டு வீடு தள்ளித்தான் நடுவுலவர் வீடு. எங்களுக்கு ரெண்டாவதாத்தான் சொல்லணுமான்னு நடுவுலவர் சம்சாரம் பிள்ளையைப் பாக்கவே போகல. அன்னைல இருந்து புஷ்பம்மா யார் வீட்டுக்கும் போன் போடுறதை விட்டுட்டாங்க. நல்லது கெட்டது எதுவா இருந்தாலும் மண்டி நம்பர்தான். அது அப்பா நம்பர், யாரு எடுத்தாலும் எனக்கு ஒண்ணுதான்பாங்க. போன் போட்டா முதல்ல என்னையும் விசாரிப்பாங்க, மேனேஜர் அண்ணாச்சி சௌக்கியமான்னு.

பங்குனி மாசம், வரத்து உச்சம். காலையிலேயே மணி அடிச்சது. நாலு மேசையிலயும். பெரியவர் ரூம்ல ஏலத்துக்கு வந்த ஆளுங்க, அவர் பேசிக்கிட்டே இருந்தாரு. நடுவுலவர் பேப்பரை மடிச்சு வச்சாரு, எடுக்கப்போறாருன்னு பாத்தேன், மறு பக்கத்தைத் திருப்பினாரு. சின்னவர் கண்ணாடி வழியா அண்ணமாரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் பில் எழுதிக்கிட்டிருந்தேன். அடிச்சு ஓஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் அடிச்சது. அப்புறம் திரும்பவும். விட்டு விட்டு மத்தியானம் வரைக்கும் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. யாராவது பார்ட்டியா இருக்கும், அவசரம்னா திரும்ப அடிப்பாங்கன்னு விட்டுட்டேன். விட்டுட்டாங்க.

சாயங்காலம் அருப்புக்கோட்டைத் தரகர் ஒருத்தர் மல்லி பாக்க வந்தாரு. வாசல்லயே நின்னுட்டாரு. என்ன அண்ணாச்சி, மூணு பேரும் இங்கயே இருக்கீங்க, கேதத்துக்குப் போகலியான்னாரு. யாரு கேதத்துக்குன்னு பெரியவர் கேட்டாரு. புஷ்பம்மாவோட மாமனார் விடியக்காலையிலயே தவறிட்டாராம். எங்க பக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, சம்பந்தி வீட்டுக் கோடி வேட்டி வந்து போட்டப்புறம்தான் பிணத்தை எடுப்பாங்க. மருமக பொறந்த வீடு வரலேன்னா அந்த மருமக அந்த வீட்டுல தலை நிமிர முடியாது. அதுவும் மூணு அண்ணமாரு, மண்டி வச்சு நடத்துறவங்க.

ஓடுனோம். ஒரே காருதான் வாசல்ல நின்னுச்சு. வழியில வண்டியை நிறுத்தி வேட்டி, மாலை வாங்கி, ஒரே காருல போனோம். அதுலயும் பாருங்க, மூணு பேரும் பின்னாடியே ஏறி நெருக்கிக்கிட்டு உக்காந்துட்டாங்க. முன் சீட்டுல யாரு உக்காந்தாலும் வம்பு. காலியாக் கெடக்குதேன்னு நான் உக்காந்தேன்.

நாங்க போய்ச் சேர்ந்தப்போ வீட்டைக் கழுவி விட்டுக்கிட்டிருந்தாங்க. எடுத்துட்டாங்க. காலையில இருந்து வெயில்ல வச்சுக்கிட்டுக் காத்திருந்திருக்காங்க. அவங்க ஆளுங்க, உன் பொறந்த வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்புவோமான்னு கேட்டிருக்காங்க. வேண்டாம், வரத்து நேரம், கடையில கூட்டமா இருக்கும், இந்தா போனை எடுத்துருவாங்கன்னு இந்தம்மாதான் தடுத்திருக்கு. அப்புறம், அண்ணமாரு வீட்டு நம்பரையாவது குடும்மான்னு கேட்டிருக்காங்க. குடுக்கல. பக்கத்து வீட்டுக்காரரைப் போன் பக்கத்துலயே உக்கார வச்சு, அடிங்க, அடிங்கன்னு இருந்திருக்கு. கடைசியில, உனக்குப் பொறந்த வீடு இருக்கா இல்லையான்னு அவங்க மாமியாரே கேட்டுப்புட்டாங்களாம். புருசனைப் பறிகுடுத்துட்டு உக்காந்திருக்கிற மனுசி கேக்குற கேள்வியா அது? கேட்டுட்டாங்க.

கோடிப் பையைப் பெரியவர் கையில வச்சிருந்தாரு. புஷ்பம்மா வாசப்படியில நின்னுச்சு. அழல. அழுது முடிச்சிருந்துச்சு.

"மூணு பேரும் மண்டியிலதான இருந்தீங்க?"

பெரியவர் பையை நீட்டினாரு.

"உங்களுக்குப் போட்டா அவங்களுக்குக் கோவம். அவங்களுக்குப் போட்டா உங்களுக்குக் கோவம். அதான் பொதுவுல அடிக்கச் சொன்னேன். பொதுன்னா யாருமில்லைன்னு எனக்குத் தெரியாமப் போச்சுண்ணே."

அந்தப் பையை அது வாங்கல. உள்ள வாங்கன்னும் சொல்லல. திரும்பிப் போகும்போது என்னைப் பாத்துச்சு. "மேனேஜர் அண்ணாச்சி, உங்க மேசையிலயும் மணி அடிச்சுச்சா?"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சங்கடமாப் போச்சு. முதலாளிங்களை வச்சுக்கிட்டு என்னைக் கேட்டா நான் என்னம்மா சொல்றதுன்னேன். நியாயமாப் பாத்தா அது என்கிட்டக் கேக்குற கேள்வியே இல்ல. துக்கத்துல இருக்கு, ஏதோ கேக்குதுன்னு நானும் மனசுல வச்சுக்கல. ஆனா சில நாள் சாப்பிட உக்காந்தா அது ஞாபகத்துக்கு வருது. ஏன்னு தெரியல.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு இந்த ஊருக்கு வரல. இங்க கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வரல, பெரியவர் மகன் கல்யாணத்துக்கு வரல. யாராவது ஒருத்தர் போய், தப்பாயிருச்சு தாயின்னு கூப்பிட்டா வந்துரும். பெரியவர் என்கிட்டத் தனியாக் கேட்டாரு, நான் போகவான்னு. ஆனா முதல்ல போறவன்தான் தப்புப் பண்ணினவன்னு தம்பிங்க நினைப்பாங்களேன்னாரு. நடுவுலவரும் அதையே கேட்டாரு. சின்னவரும் கேட்டாரு. நான் மூணு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன், அவசரப்படாதீங்க, அவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துக்கிட்டுச் செய்யுங்கன்னு. யாருக்கும் பாதகமில்லாத பதில்தானே? ஆனா வருஷம் பதினஞ்சு ஓடிருச்சு. எல்லாத்துலயும் முதல் கேட்டவங்க, அதுல மட்டும் முதல்ல போக ஒரு ஆள் இல்ல.

பெட்டியை நான் திரும்ப மாத்தவே இல்ல. மாத்தச் சொல்லி யாரும் கேக்கல. எல்லாருக்கும் செல் வந்துருச்சு. அவங்கவங்க பார்ட்டி அவங்கவங்க பையில. இந்த நம்பருக்கு இப்ப யாரு போடுறா? கடன் குடுக்கிறேன், கார்டு குடுக்கிறேன்னு எவனாவது. அடிக்கும், ஓயும். நிறுத்திரலாம்னா, அப்பா நம்பர், இருக்கட்டும்ங்கிறாங்க மூணு பேரும். அது ஒண்ணுல மட்டும் ஒத்துமை.

இப்ப சின்னவருக்கு இந்தப் புதுசு வேணுமாம். போன் போட்டா ஒரு பொம்பளை குரல் பேசுமாமே, இவருக்கு ஒன்றை அழுத்தவும், இவருக்கு இரண்டை அழுத்தவும்னு. நீங்க கொண்டு வந்துட்டீங்க. ஒன்று யாரு தம்பி? சொல்லுங்க. என்னால முடியாது, எனக்கு அலுத்துப்போச்சு. என்னைக் கேட்டா, ஒரு யோசனை சொல்றேன், நீங்க தப்பா நினைக்கக் கூடாது. முதல்ல மேனேஜர் மேசைக்கு அடிக்கட்டும்னு போட்டுருங்க. நான் எடுக்கணும்னு இல்ல. ஒரு முறைக்கு. அவங்க மூணு பேருக்குள்ள வம்பு வராது பாருங்க.

இந்தா, அடிக்குது. மணி சத்தம் பெருசாத்தான் இருக்கு, பெட்டியைக் கழட்டுறதுக்கு முன்னாடியே நீங்க என் மேசையில மாட்டின புது போன்ல. ஓ, இதுல நம்பர் வேற தெரியுமா? இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். இது அருப்புக்கோட்டை எஸ்.டி.டி. கோடாச்சே. அங்க இருந்து யாரு இந்த நம்பருக்கு?

இல்ல, நீங்க எடுக்காதீங்க தம்பி. கையை எடுங்க. மூணு பேரும் உள்ளதான் இருக்காங்க, அவங்க மேசையிலயும் அடிக்குதுல்ல. அந்தா, நடுவுலவர் தலையைத் தூக்கிட்டாரு. சின்னவரும் பாக்குறாரு. ஒருவேளை அதுவாவே இருந்தாலும் அவங்க தங்கச்சி, அவங்க எடுக்கிறதுதான் முறை. நான் எடுத்தா, பெரியவருக்குக் குடுக்கவா, நடுவுலவருக்குக் குடுக்கவான்னு திரும்பவும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

எடுப்பாங்க. கொஞ்சம் பொறுங்க.

நின்னுருச்சு பாருங்க.

சரி, விடுங்க. அவசரம்னா திரும்ப அடிப்பாங்க. டீ ஆறுது, குடிங்க.